அட்டையின் பின்பக்கம்

பிப்ரவரி 4

அன்புள்ள ஊமை,

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கப்போவதில்லை. தினமும் சாயங்காலம் ஏழரை மணிக்கு டிவியில் ‘வசனம்’ என்று போட்டு உன் பெயர் ஓடுகிறது. அதை வைத்து நீ உயிரோடு இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். எட்டு வயதில் இரண்டு நாள் வாய் திறக்காமல் வீட்டையே கலங்கடித்து ஊமை என்று பேர் வாங்கியவன், இன்று ஊருக்கெல்லாம் பேச்சு எழுதிக் கொடுக்கிறாய். அந்த வேடிக்கை எனக்கு இன்னும் சலிக்கவில்லை.

சண்டை போடத்தான் எழுதுகிறேன். அந்த டிராயிங் மாஸ்டரை என்னடா செய்து வைத்திருக்கிறாய்? எறும்பைக்கூட மிதிக்காமல் நடந்த மனிதர். சின்ன வயதில் வாங்கிய அடியை நினைத்து, பிரம்பைக் கண்டாலே ஒதுங்கிப் போனவர். நேற்று அதே மாஸ்டர் ஸ்கேலால் அடித்து ஒரு மாணவியின் விரலை உடைக்கிறார். குடிகார அப்பாவை வெறுத்த சின்ன மச்சினன் இப்போது பாட்டிலும் கையுமாக அலைகிறான். உன் தொடரில் யாரும் அவரவராக இருக்க ஒரு வருஷத்துக்கு மேல் அனுமதி கிடையாதா?

எங்கள் கண்ணாடிக் கடை முதலாளியம்மாவுக்கும் இதே கவலைதான். நான் லென்ஸ் தேய்க்கும் மேஜைக்கு வந்து நின்று, “உங்க தம்பிகிட்ட சொல்லுங்க, பெரியவளை மட்டும் கெடுத்துட வேணாம்னு” என்கிறார். அந்த மூத்த மருமகளை, பெரியவளை, நீ யாரைப் பார்த்து எழுதினாய் என்று அவருக்குத் தெரியும். நான்தான் பெருமை தாங்காமல் சொல்லித் தொலைத்தேன்.

அத்தை அதே மறதியோடு அப்படியேதான் இருக்கிறார். மகனை மட்டும் அடையாளம் தெரிகிறது. என்னை ‘நர்ஸம்மா’ என்று கூப்பிடுகிறார், மரியாதையாகத்தான். ஆனால் டிவியில் பெரியவள் வந்தால் போதும், “நம்ம பொண்ணு வந்துட்டா” என்று முகமெல்லாம் மலர்ந்துவிடும். அந்த மாமியார் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகும்போது வைவதைக் கேட்க வேண்டுமே. “பாவி, உனக்கு நல்ல சாவே வராது” என்கிறார். கல்யாணமான முதல் வருஷம் வெளியே போகும்போதெல்லாம் என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனவர் இவர்தான் என்பது அவருக்கு இப்போது தெரியாது. நான் சொல்லவும் இல்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருக்கிறேன்.

பதிலை வழக்கம்போலக் கடை விலாசத்துக்கே போடு. இரண்டே அறை உள்ள வீடு, போனில் பேசினாலும் நாலு காதுக்குக் கேட்கும். நம் வீட்டில் கடிதம் பட்ட பாடும் உனக்குத் தெரிந்ததுதான்.

உன் அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

நீ கேட்டதற்குத் தொழில் ரகசியத்தைச் சொல்லித்தான் பதில் தர வேண்டும். முதலாளியம்மாவிடம் சொல்லாதே.

எங்கள் கதை அறை மூன்றாவது மாடியில் இருக்கிறது. முன்பு பல் டாக்டர் இருந்த இடம். வாய் கொப்பளிக்கிற தொட்டி இன்னும் மூலையில் உண்டு. அதில் தேயிலைச் சக்கையைக் கொட்டுகிறோம். ஒரு சுவர் முழுக்கப் பலகை. அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு அட்டை குத்தியிருக்கும். முன்பக்கம், இவர் யார் என்று ஒரு வரி. பின்பக்கம், இவர் எதைக் கண்டு பயப்படுகிறார் என்று ஒரு வரி. முன்பக்கத்தை வைத்து முந்நூறு எபிசோடு ஓட்டலாம். அதற்கு மேல் ஜனங்கள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். உடனே இயக்குநர் அட்டையைத் திருப்பிக் குத்திவிடுவார். பிரம்புக்குப் பயந்தவர் கையில் பிரம்பு, குடிக்குப் பயந்தவன் கையில் பாட்டில். இவ்வளவுதான் எங்கள் வித்தை. இதற்குத்தான் நாலு பேர் நாற்காலி தேய உட்கார்ந்து யோசிக்கிறோம்.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குப் பழக்கத்துக்காக எங்களைப் பற்றியே ஆளுக்கொரு அட்டை எழுதச் சொன்னார்கள். என்னுடையது எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

இனி விஷயம். பெரியவளின் அட்டையைப் போன திங்கட்கிழமை திருப்பிவிட்டார்கள். பின்பக்கம் முதல் நாளே நான் எழுதியதுதான்: ‘மாமியாரைப் போலத் தானும் ஒருத்தரை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவோமோ.’ உன்னிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதினேன். ஞாபகம் இருக்கும். கடையில் பாத்ரூம் கதவுக்குக்கூடத் தாழ் போட மாட்டேன் என்று நீ சொன்னாயே, அதிலிருந்து எடுத்தது.

இப்போது மாமியார் பக்கவாதத்தில் ஒரு கை விளங்காமல் மருமகளை நம்பிக் கிடக்கப்போகிறாள். பெரியவள் அவளை அறையில் வைத்துப் பூட்ட வேண்டும். மூன்று முறை எழுதினேன், மூன்றும் பொய்யாக இருக்கிறது. வில்லிபோல வசனம் பேசிவிட்டுப் பூட்டுகிறாள். உனக்கே சிரிப்பு வரும். ஒரு நல்ல பெண் எப்படி அந்தத் தாழ்ப்பாளில் கை வைப்பாள்? நீதான் சொல்ல வேண்டும். நீதான் பெரியவள்.

மாமாவை விசாரித்ததாகச் சொல். போன வாரம் எங்கள் லிஃப்டுக்குள் இருபது நிமிஷம் மாட்டிக்கொண்டேன். அப்போது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அன்புத் தம்பி


பிப்ரவரி 17

தம்பிக்கு,

பெரியவள் அப்படிச் செய்ய மாட்டாள். அவளை விட்டுவிடு. கதைக்கு வேறு ஆளா இல்லை? அந்தப் போலீஸ்காரனின் அட்டையைத் திருப்பு.

கடையில் வேலை அதிகம். அதனால் இவ்வளவுதான்.

அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் நாலு வரி. முப்பது வருஷத்தில் நீ எனக்கு இத்தனை சின்னக் கடிதம் எழுதியதில்லை. விடுதியில் நான் சேர்ந்த பத்தாவது வயதிலிருந்து எண்ணிச் சொல்கிறேன்.

போலீஸ்காரனைத் திருப்பியாகிவிட்டது, லஞ்சம் வாங்கிக்கொண்டிருக்கிறான். கவனிக்கவில்லையா?

என் நிலைமையையும் கொஞ்சம் கேள். கதை அறையில் புதிதாக ஒருவர் வந்து உட்கார்கிறார். வாய் திறப்பதில்லை, நான் எழுதிய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. இயக்குநர் நேற்று, “பெரியவளை உங்களால கெடுக்க முடியலன்னா சொல்லிடுங்க, கெடுக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்க” என்றார். அந்தப் புதியவர் எழுதினால் பெரியவள் கிழவிக்குச் சோற்றில் விஷம் வைப்பாள். உன் சாயலில் இருக்கிறவளை அவர் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நான் எழுதினால் அவள் மனுஷியாகவாவது இருப்பாள்.

நீ செய்வாய் என்று நான் சொல்லவே இல்லை. ஒருவேளை செய்தால் எப்படி இருக்கும் என்றுதான் கேட்டேன். கற்பனையாக ஒரு பத்து வரி எழுது, அதை வைத்து ஒப்பேற்றிக்கொள்கிறேன்.

தம்பி


மார்ச் 3

அன்புள்ள ஊமை,

கற்பனையாக எழுதச் சொன்னாய். எனக்கு அது வராது. நடந்ததை எழுதுகிறேன். தொடருக்காக இல்லை. இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். சொல்வதற்கு உன்னைத் தவிர ஆளில்லை.

நவம்பரில் கடையில் சரக்கு எண்ணும் நாள். வருஷத்தில் அந்த ஒரு நாள் முதலாளியம்மா யாருக்கும் விடுப்புத் தர மாட்டார். அத்தையைப் பார்த்துக்கொள்கிற பெண் காலையில் ஆள் அனுப்பி, வர முடியாது என்று சொல்லிவிட்டாள். இவர், உன் மாமா, பக்கத்து ஊருக்கு லிஃப்ட் பொருத்தப் போயிருந்தார். அத்தை அதற்கு முன் இரண்டு முறை கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போயிருக்கிறார். இரண்டாவது முறை லாரி மோதியிருக்க வேண்டியது. இதெல்லாம் காரணம். காரணத்தை முதலில் எழுதிவிட்டேன் பார்.

உள்ளறையில் தண்ணீர், ரொட்டி, கிண்ணத்தில் பிசைந்த பழம், ஸ்பூன் எல்லாம் வைத்தேன். “உக்காருங்க அத்தை, வந்துடறேன்” என்றேன். வெளிப்பக்கத் தாழைப் போட்டேன். கை நடுங்கும் என்று எதிர்பார்த்தேன். நடுங்கவில்லை. பூட்டும்போது எந்த வசனமும் பேசவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றுதான் நினைத்தேன்.

எட்டே முக்காலுக்குப் போய், எண்ணி முடித்து ஒரு மணிக்குத் திரும்பினேன். படியேறும்போதே சத்தம் கேட்டது. ஸ்பூனால் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். மூன்று தட்டு, கொஞ்ச நேரம் சும்மா, பிறகு ஒரு தட்டு. மறுபடி மூன்று. நடுவில் குரல். “தொறம்மா. நான் சத்தம் போட மாட்டேன். நல்லவளா இருக்கேன்.”

ஊமை, அது என் வசனம். கல்யாணமான முதல் வருஷம், இதே வீட்டில், வாசல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் சொன்னது. அத்தைக்கு என் பேர் மறந்துவிட்டது, அது மட்டும் மறக்கவில்லை.

ஓடிப் போய்த் திறந்திருக்க வேண்டும் இல்லையா? நான் திறக்கவில்லை. பையைத் தோளில் மாட்டியபடி கதவுக்கு வெளியே நின்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் எனக்கு இதமாக இருந்தது. வேறு வார்த்தை தெரியவில்லை. ஜுரத்தில் நெற்றியில் ஈரத்துணி போட்டால் இருக்குமே, அந்த மாதிரி இதம். பிறகு திறந்தேன். என்னைப் பார்த்து, “நர்ஸம்மா, நீங்க வந்தீங்களா, நல்லவேளை” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியை என்னால் தாங்க முடியவில்லை. குளிக்க வைக்கிற சாக்கில் கையை விடுவித்துக்கொண்டேன்.

இவருக்குத் தெரியாது. தெரிந்தால் என்னால் இந்த வீட்டில் நிமிர்ந்து நடக்க முடியாது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் இவர் வேலை. அவர்கள் முகத்தைப் பற்றி வீட்டுக்கு வந்து சொல்வார். அந்த மனுஷனின் அம்மாவை நான் பூட்டினேன்.

உன்னிடம் ஏன் சொல்கிறேன் தெரியுமா? அப்பா என் சிநேகிதிக்கு நான் எழுதிய கடிதத்தைப் பிரித்து, விருந்தாளிகள் நடுவில் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு, என் குரலில் வாசித்தாரே, அன்றைக்குக் கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நீ மட்டும்தான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாய். பிறகு இரண்டு நாள் பேசவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், என் வாழ்க்கையில் எது நடந்தாலும் இவனிடம் சொல்லலாம் என்று.

படித்ததும் கிழித்துப் போடு.

அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்கா,

படித்தேன். கிழித்துவிட்டேன். நீ கெட்டவள் இல்லை. அதை நினைத்து மறுகாதே. பெரியவள் விஷயத்தை நான் வேறு மாதிரி சமாளித்துக்கொள்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

நேற்று ஏழரை மணிக்கு நடந்ததைச் சொல்கிறேன். நீ அங்கிருந்து எழுதுகிறாய், இங்கே எப்படி விழுகிறது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

இவர் அன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அத்தை கட்டிலில். நான் கிண்ணமும் ஸ்பூனும் அத்தை மடியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். பெரியவள் உள்ளறையில் தண்ணீரும் ரொட்டியும் வைத்தாள். பிசைந்த பழம் வைத்தாள். “உக்காருங்க அத்தை, வந்துடறேன்” என்றாள். ரிமோட் எங்கே என்று தேடினேன், அது இவர் கையில் இருந்தது.

பெரியவள் திரும்பி வந்து படியேறும்போது ஸ்பூன் சத்தம் வந்தது. மூன்று தட்டு, பிறகு ஒரு தட்டு. அதைக் கேட்டதும் அத்தை மடியிலிருந்த ஸ்பூனை எடுத்துக் கட்டில் சட்டத்தில் தட்டத் தொடங்கினார். மூன்று, பிறகு ஒன்று. டிவியில் அந்தக் கிழவி வாய் திறப்பதற்கு முன்னாலேயே அத்தை சொன்னார், “தொறம்மா. நான் சத்தம் போட மாட்டேன். நல்லவளா இருக்கேன்.” அதற்கப்புறம்தான் டிவியில் அதே வரி வந்தது.

இவர் அத்தையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

லிஃப்டில் மாட்டியவர்கள் முதலில் படபடவென்று தட்டுவார்களாம். ரொம்ப நேரம் ஆனவர்கள்தான் எண்ணி எண்ணித் தட்டுவார்களாம். கல்யாணமான புதிதில் எனக்குச் சொல்லியிருக்கிறார். நேற்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “எவ்வளவு நேரம்?”

சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். ஸ்க்ரூ கழற்றுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது உள்ளறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி, நாலு ஸ்க்ரூவோடு சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தார். காலையில், அம்மாவைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகச் சொன்னார். இருபத்தி நாலு வருஷத்தில் முதல்முறையாக வீட்டுச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். நான் கடைக்குப் போகவில்லை. முதலாளியம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? பெரியவள் யார் என்று அவருக்குத் தெரியுமே.

இன்னொன்று. பெரியவள் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு சிரிக்கிறாள். நான் நின்றேன், எழுதினேன். சிரித்ததாக எங்கே எழுதினேன்? அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது? அதை இவரும் பார்த்தார். நான் சிரிக்கவில்லை என்று இவரிடம் எப்படிச் சொல்வேன்?

அப்பா கூடத்தில் இருந்த பதினைந்து பேருக்குத்தான் வாசித்தார்.

அக்கா


ஏப்ரல் 7

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்ததிலிருந்து என் கையே ஓடவில்லை. என்னை நம்பு, உன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. கெடு மறுநாள் காலை. அந்தப் புதியவர் விஷக் காட்சியை எழுதியே கொண்டுவந்துவிட்டார். வேறு வழி தெரியவில்லை. நினைவில் இருந்ததை வைத்து ஏதோ எழுதினேன். பழத்தையும் ஸ்பூனையும் மாற்றியிருக்க வேண்டும், அவசரத்தில் விட்டுப்போயிற்று. மாமா பார்ப்பார் என்றும் தோன்றவில்லை, அவர் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார் அல்லவா? அந்தக் காட்சியைப் பார்த்து அழாதவர்களே இல்லை என்கிறார்கள். உன் வேதனை எத்தனையோ பெண்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும், அப்படியும் ஒரு பக்கம் இருக்கிறது.

மாமாவிடம் நான் பேசட்டுமா? எல்லாம் கற்பனை, அத்தை ஏதோ ஞாபகத்தில் தட்டினார் என்று சொல்லிவிடுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 11

நினைவில் இருந்ததை வைத்து எழுதினாயா? கிழித்துவிட்டதாக எழுதினாயே, துண்டுகளை அனுப்பு.


ஏப்ரல் 20

அக்கா,

துண்டுகள் இல்லை. கிழிக்கவில்லை. முழுக் கடிதமும் இதோடு இருக்கிறது.

எங்கே இருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் வந்த அன்றைக்கே, மார்ச் எட்டாம் தேதி, கதை அறையில் அதைப் பையிலிருந்து எடுத்தேன். உன்னிடம் கிழித்துவிட்டேன் என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டு, தபால் பெட்டியிலிருந்து நேராக அங்கேதான் போனேன். கதைச் சுருக்கம் சொல்லிவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இயக்குநர், தயாரிப்பாளர், அந்தப் புதியவர், இன்னும் நாலைந்து பேர். சொல்லத் தொடங்கினேன், யாரும் கவனிக்கவில்லை, ஒருவர் போனில் இருந்தார். அதனால் வாசித்தேன். இரண்டாவது பக்கம் வந்தபோது எல்லாரும் நிமிர்ந்தார்கள். அக்கா, நான் உன் குரலில் வாசித்தேன். “காரணத்தை முதலில் எழுதிவிட்டேன் பார்” என்பதை நீ சொல்கிற இழுப்போடு சொன்னேன். மூக்குக் கண்ணாடி இடைஞ்சலாக இருந்தது, கீழே இறக்கிவிட்டுக்கொண்டேன். முடித்ததும் கை தட்டினார்கள். அந்தப் புதியவர் எழுந்து வந்து கை கொடுத்தார்.

ஜன்னல் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பெரியவளின் சிரிப்பு அங்கிருந்து வந்தது. அன்று மாலையே எழுதினேன்: ‘கதவுக்கு வெளியே நிற்கிறாள். சிரிக்கிறாள்.’

கடிதத்தை இயக்குநர் அப்படியே நடிகைக்குக் கொடுத்துவிட்டார், உணர்ந்து நடிக்கட்டும் என்று. நேற்று அந்த நடிகையின் ஒப்பனை அறைக்குப் போய்த் திருப்பிக் கேட்டேன். பவுடர் டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்திருந்தார். பெண் கையெழுத்தாக இருந்ததைப் பார்த்து உதவியாளர் யாரோ படியெடுத்தது என்று நினைத்திருக்கிறார். “நெஜமா ஒருத்தங்க எழுதினதா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கடிதத்தை என் கையில் வைத்தார். பிறகு, “அப்போ நான் சிரிச்சிருக்கக் கூடாது. நீங்கதானே சிரிக்கச் சொன்னீங்க” என்றார். ஓரத்தில் பவுடர் படிந்திருக்கும், துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

என் அட்டையும் கிடைத்தது. பலகையின் கீழ்மூலையில், காலண்டருக்குப் பின்னால் இருந்தது. முன்பக்கம், ‘யார் சொன்னாலும் கேட்டுக்கொள்வான், யாரிடமும் சொல்ல மாட்டான்.’ பின்பக்கம் ஒரே வார்த்தை, ‘அப்பா.’ யாரும் திருப்பிக் குத்தவில்லை. அது எப்போதோ தானாகத் திரும்பியிருக்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டால் அதுவும் திருட்டுத்தான். அன்றைக்கு, எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, நான் தலையணையில் முகம் புதைத்து அழவில்லை. சிரித்தேன். அப்பா உன்னைப் போலவே பேசிக் காட்டினார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீ கதவருகே தட்டோடு நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் தலையணையை எடுத்தேன். குலுங்கியது அதனால்தான். பிறகு நீ வந்து என் தலையைத் தடவி, “அழாதேடா” என்றாய். அதற்கப்புறம் எந்த வாயால் பேசுவேன்? இரண்டு நாள் பேசாமல் இருந்தது அதனால்தான். நீ முப்பத்திரண்டு வருஷம் நம்பியது அந்தத் தலையணையை வைத்து. எனக்கு அது தெரியும். தெரிந்தே உன் கடிதங்களை வாங்கிக்கொண்டிருந்தேன்.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று இயக்குநரிடம் சொல்லப்போகிறேன். நீ இனி எழுத வேண்டாம். எழுதாவிட்டால் அதுதான் நியாயம்.

தம்பி


மே 6

தம்பிக்கு,

கடிதம் வந்து சேர்ந்தது, பவுடர் வாசனையோடு. முதலாளியம்மாவே கொண்டுவந்து மேஜையில் வைத்தார். தொடரைப் பற்றி அவர் இப்போது என்னிடம் பேசுவதில்லை. அவர் தன் மாமியாரை எங்கே வைத்திருக்கிறார் என்று நானும் கேட்பதில்லை.

நீ சிரித்தாய் என்று படித்ததும் எழுந்து போய்க் கடையின் பாத்ரூமில் நின்றேன். தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். இத்தனை வருஷத்தில் முதல்முறை தாழ் போட்டேன். உன்மேல் உள்ள ஆத்திரம் இன்னும் தீரவில்லை, சீக்கிரம் தீரும் என்றும் எதிர்பார்க்காதே. ஆனால் எட்டு வயதுப் பயலுக்குச் சிரிப்பு வந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்? நாற்பது வயதில் வாசித்தாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வேலையை விடாதே. விட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்தால் அதுவும் ஒரு எபிசோடுதான். இருந்து அந்தப் பெரியவளைக் கதவைத் திறக்க வை. உன்னால் ஆனது அதுதான்.

நீ உன்னுடையதைச் சொல்லிவிட்டாய். நான் என்னுடையதைச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று உன்னிடம் சண்டை போட்டேன். ஊமை, நான் சிரித்தேன். கடிகாரத்துக்குக் கீழே கண்ணாடி மாட்டியிருக்கிறது, அதில் பார்த்தேன். இதம் என்று மட்டும் எழுதிவிட்டு அதை விட்டுவிட்டேன். எழுதாததை நீ எப்படியோ எழுதிவிட்டாய், அதனால்தான் எனக்கு அத்தனை கோபம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. இவருடைய அக்கா வந்து அத்தையின் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்குவதாக ஏற்பாடு. காலையில் இவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, நீ திருப்பி அனுப்பிய கடிதத்தை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். “நீங்க எவ்வளவு நேரம்னு கேட்டீங்களே” என்று சொல்லிவிட்டு வாசித்தேன். நம் வீட்டுக் கடிதத்தை எழுதியவளே வாசித்தது இதுதான் முதல் தடவை. காரணங்கள் இருந்த பத்தியை வாசிக்கவில்லை. நாலேகால் மணி நேரம் என்று வாசித்தேன். பத்து நிமிஷம் என்று வாசித்தேன். பிறகு கடிதத்தில் இல்லாததையும், சிரித்ததையும், முகத்தைப் பார்த்தபடி சொன்னேன்.

இவர் தேநீரை வைத்துவிட்டார். அத்தை முதல் வருஷம் என்னைப் பூட்டிய நாட்களில் இவர் எங்கே இருந்தார் என்று நான் இதுவரை கேட்டதில்லை. நேற்றும் கேட்கவில்லை. அவராகச் சொன்னார், “எனக்குத் தெரியும். நான் அப்போ ஒண்ணும் சொல்லல.” மன்னித்தாரா என்று தெரியாது. அவருடைய அக்கா வந்தபோது பெட்டியை எடுத்துக் கொடுக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அந்த அக்கா சாப்பிட்டுவிட்டு, அடுத்த வாரம் வருகிறேன் என்று போய்விட்டார். சாவி மேஜைமேல் இருக்கிறது. நான் எடுக்கவில்லை.

இதில் அத்தையை நாங்கள் மறந்துவிட்டோம். கட்டிலில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கதை என்று நினைத்துவிட்டார்போலிருக்கிறது. நான் கடிதத்தை மடிக்கும்போது முந்தானையைப் பிடித்து இழுத்து, கவலையோடு கேட்டார்.

“நர்ஸம்மா, அப்புறம் அந்தப் பொண்ணு தொறந்தாளா?”

“தொறந்தா அத்தை” என்றேன். “நேரமாச்சு. ஆனா தொறந்தா.”

அக்கா

இந்த உறையை ஒட்டாமல்தான் போடுகிறேன்.